கெட்டில் கெடவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் ஆகிறது, கெட்டில் கெட்டுவிட்டது என்று நேற்று போனில் சொன்னாய். அம்மா உடனே கடைக்காரரைத் திட்டத் தொடங்கிவிட்டாள். முப்பத்தைந்து வருடம் வயரிங் வேலை பார்த்தவனுக்குத் தூக்கம் வருமா? உன்னுடையதோடு சேர்த்து வாங்கிய அதே கெட்டில் இங்கேயும் இருக்கிறதே, அதைக் காலையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரைப் பிரித்து, ஃபேஸ் கம்பியை மட்டும் டாங் டெஸ்டரால் கவ்வினேன், கம்பியை வெட்டாமல் கரண்ட் அளக்கும் இடுக்கி மீட்டர் அது. இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். வோல்டேஜ் 226, கரண்ட் 6.4 ஆம்பியர். பெருக்கினால் 1446 வாட். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, 35.3 ஓம். தண்ணீர் நாலேகால் நிமிடத்தில் கொதித்தது.

அடியில் 1500 வாட் என்று அச்சடித்திருப்பது 230 வோல்ட் கிடைத்தால்தான். கெட்டிலுக்கு என்று சொந்தமாக இருப்பது அந்த 35.3 ஓம் மட்டும்தான். ஜப்பானில், ஒசாகாவில் உன் சுவரில் வருவது 100 வோல்ட். நீ மாட்டியிருக்கும் அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 100-ஐ 35.3-ஆல் வகுத்துப் பார்: 2.83 ஆம்பியர். வாட் வெறும் 283. வோல்டேஜ் பாதிக்கும் கீழே போனதால் கரண்டும் அதே அளவு இறங்கியது. இரண்டும் சேர்ந்து வாட்டை ஐந்தில் ஒன்றாக்கிவிட்டன. அரை மணி நேரம் ஆகாமல் என்ன செய்யும்?

மீட்டரை வைத்து நேராக ஓமை அளந்தால் போதாதா என்று கேட்பாய். கெட்டில் காயிலுக்குப் போதும், சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறாது. குண்டு பல்புக்கு அது சரிவராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 100 வாட் பல்புகளை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். நாற்பது ஓம்கூட இல்லை. எல்லாம் ஷார்ட் என்று ஒரு பெட்டி முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். எரியும்போதுதான் அதன் இழை 529 ஓமுக்கு ஏறும் என்று மேஸ்திரி சொல்லிக் கொடுத்தார், தலையில் ஒரு குட்டும் வைத்து.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கட்டுமா என்று கேட்காதே. 1500 வாட்டை 100 வோல்ட்டில் இழுத்தால் 15 ஆம்பியர். அங்கே சாதாரண பிளக் பாயிண்ட் தாங்குவதே அவ்வளவுதான். அந்த ஊர் கெட்டில் ஒன்றை வாங்கிக்கொள். போன் சார்ஜரில் 100-240 என்று போட்டிருக்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை.

இன்னொன்று. பொங்கலுக்கு வரும்போது அம்மாவுக்கு ஜப்பான் ரைஸ் குக்கர் வாங்கி வருவதாகச் சொன்னாயாம். அவள் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. 100 வோல்ட்டுக்குச் செய்த 300 வாட் குக்கரின் மின்தடை 33.3 ஓம், நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் கிட்டத்தட்ட 1590 வாட் இழுக்கும். சோறு வேகும் முன்னே குக்கர் வெந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களுக்கென்று 220 வோல்ட் குக்கர் தனியாக விற்பார்கள், அதைக் கேட்டு வாங்கு. பில் போடும் முன் அடியில் இருக்கும் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

பழைய கெட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதே. பெட்டியில் இடமிருந்தால் அதையும் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா