ஜப்பான் பாஸ் கிதார் என்று விற்றதற்கும், பிறகு "நாடெல்லாம் முக்கியமில்லை சார்" என்று சொன்னதற்கும் ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி

பொருள்: பாஸ் கிதாரின் தயாரிப்பு நாடும் பிக்கப்பும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்) விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, முழுப் பணமும் திரும்ப வேண்டும்

வணக்கம்.

இதே விஷயத்தை ஏற்கனவே மூன்று முறை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதிலை ஒட்டி அனுப்பினீர்கள், மூன்றாவது முறை என் ஆர்டர் நம்பரைக்கூட மாற்றிப் போட்டு. உங்கள் தளத்தில் தமிழிலும் எழுதலாம் என்று இருக்கிறது, எனக்கும் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வருகிறது, அதனால் இந்த முறை தமிழ்.

ஆறு வாரத்துக்கு முன் உங்களிடம் 78,500 ரூபாய் கொடுத்து நான்கு கம்பி பாஸ் ஒன்று வாங்கினேன். பிரிசிஷன் என்ற பழைய பிரபல மாடலின் பாணி, ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) 34 அங்குலம். உங்கள் பக்கத்தில் "ஜப்பானில் தயாரானது, ஆல்னிகோ 5 பிக்கப்" என்று இரண்டு வரி தடித்த எழுத்தில் இருந்தது (ஆல்னிகோ என்பது பிக்கப்பில் போடும் ஒருவகைக் காந்த உலோகம்), ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். அதே கம்பெனியின் இந்தோனேஷிய மாடலையும் நீங்களே 46,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள். நடுவில் 32,500 ரூபாய் வித்தியாசம். நான் பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறேன், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிக்குப் போகிறேன். அந்த 32,500 எனக்கு எத்தனை கச்சேரி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்தது. தலைப்பகுதியின் பின்னால் உங்கள் பார்கோடு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. கிதாரில் பார்கோடு ஒட்ட எத்தனையோ இடம் இருக்கும்போது அங்கே ஏன் ஒட்டினார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பசை கையில் ஒட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெய் தொட்டு நகத்தால் மெதுவாகச் சுரண்டினேன். ஸ்டிக்கர் சுருண்டு வந்தது. அடியில் சீரியல் நம்பர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் "இந்தோனேஷியாவில் செய்யப்பட்டது" என்று ஆங்கிலத்தில் அச்சு. சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

உடனே போன் செய்தேன். உங்கள் ஆள் சொன்னது இது: "சார், இப்போ எல்லா நாட்டுலயும் மெஷின்லதான் வெட்டுறாங்க, நாடெல்லாம் முக்கியமில்லை சார், சவுண்ட் ஒண்ணுதான்."

அப்படியா? அப்புறம் எதற்கு உங்கள் பக்கத்தில் "ஜப்பானா இந்தோனேஷியாவா, கேட்டுப் பாருங்கள்" என்று இரண்டு ஆடியோ போட்டு, ஜப்பான் துண்டைக் கேட்டால் மணி அடிப்பதுபோலவும், இந்தோனேஷியத் துண்டைக் கேட்டால் தலையணையைத் தட்டுவதுபோலவும் வைத்திருக்கிறீர்கள்? விற்கும்போது நாடு முக்கியம், புகார் வந்தால் நாடு முக்கியமில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

உங்கள் ஆள் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று நானே சோதித்துப் பார்த்தேன். எங்கள் சர்ச்சில் பழைய ஜப்பான் பாஸ் ஒன்று இருக்கிறது, துபாயில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. நாகர்கோவிலில் ஒரு நண்பரிடம் இந்தோனேஷியாவில் செய்த வேறு கம்பெனி பாஸ் இருக்கிறது, ஆல்னிகோ பிக்கப் போட்டது. இன்னொருவர் மெக்சிகோவில் செய்த ஃபெண்டரைக் கொடுத்தார் (பிரிசிஷன் மாடலையே முதலில் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனி). எல்லாமே பிரிசிஷன் வகைதான். நான்கையும் வீட்டு ஹாலில் சோபாவில் சாய்த்து வைத்து, என் அக்கா மகனை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, கண்ணைக் கட்டாத குறையாக நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டேன். அவன் நன்றாகவே வாசிப்பான், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அதே அழுத்தத்தில் வாசிக்கச் சொன்னேன், ஆம்ப் இல்லாமல் நேராக ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸுக்குள் விட்டு ஹெட்போனில் கேட்டேன். (முதலில் என் வீட்டுக்காரியைத்தான் கேட்டேன். "எல்லாம் டும் டும்னுதான் கேக்குது" என்று போய்விட்டாள்.)

முதல் சுற்றில் அதனதன் பழைய ஸ்ட்ரிங்கோடு அப்படியே. எது எது என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டேன். நாட்டைக் கேட்டேனா என்றால் இல்லை, ஸ்ட்ரிங்கைத்தான் கேட்டேன். புதிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங் பளீரென்று இருக்கும், வியர்வையும் அழுக்கும் ஏறினால் மேல் சுரங்கள் (ஒவ்வொரு சுரத்தோடும் கூடவே ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) செத்துப்போகும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைக் கம்பெனியில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரிசிஷன் பாஸில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய) கம்பியைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்று சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் பாதி அந்தப் பழைய கம்பிதான்.

அடுத்து நான்குக்கும் ஒரே வகை, ஒரே தடிமன் (45–105) நிக்கல் ஸ்ட்ரிங் செட் வாங்கிப் போட்டேன் (அந்தச் செலவையும் உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்), பிக்கப் உயரத்தையும் ஒரே அளவுக்கு வைத்தேன். ஜப்பானும் மெக்சிகோவும்: 20 முறையில் 11 முறை சரி. ஜப்பானும் நாகர்கோவில் நண்பரின் இந்தோனேஷியாவும்: 20க்கு 12. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்கள் ஆள் சொன்னது சரி என்று ஆகிவிட்டதே என்று நினைக்கவேண்டாம். நீங்கள் அனுப்பிய பாஸைச் சேர்த்தபோது 20க்கு 17 சரியாகச் சொன்னேன். அதில் சத்தம் கொஞ்சம் தூக்கலாக, நடுவில் ஒரு கரகரப்போடு, விரல் பட்ட உடனே முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. சிலருக்குப் பிடிக்கலாம், ராக் வாசிப்பவர்கள் விரும்பியே வாங்குவார்கள். எனக்குச் சந்தேகம் வந்து பிக்கப்பின் திருகுகளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் பட்டையான செராமிக் காந்தம் ஒட்டியிருக்கிறது. ஆல்னிகோ என்றால் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருக்கும் அந்த இரண்டு தண்டுகளே காந்தம், தனியாகப் பட்டை தேவையே இல்லை. இதற்கும் படம் இருக்கிறது, வயர் எதையும் தொடவில்லை, "நீங்கள் பிரித்துவிட்டீர்கள்" என்று கிளம்பவேண்டாம்.

ஆக நான் ஏமாந்தது வெறும் ஊர்ப்பெயரில் மட்டும் இல்லை. சத்தத்தை மாற்றுகிற பாகமே சொன்னபடி இல்லை. நாடு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சுருக்கெழுத்து மாதிரி. ஜப்பான் என்றால் இன்ன பிக்கப், ஃப்ரெட் (நெக் என்ற கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முனைகளை இன்ன அளவுக்குத் தேய்த்து முடித்திருப்பார்கள் என்று நம்பிக் காசு கொடுக்கிறோம். அந்த நம்பிக்கையும் நிரந்தரமானது இல்லை. ஒரு காலத்தில் ஜப்பான் கிதார் என்றால் மலிவு நகல் என்றுதான் பேச்சு. 1982இல் ஃபெண்டரே தன் பெயரில் அங்கே தயாரிக்க ஆரம்பித்தது, மட்சுமோட்டோவில் ஃபூஜிஜென் தொழிற்சாலையில். 1985இல், அதுவரை ஃபெண்டரை வைத்திருந்த சிபிஎஸ் நிறுவனம் அதை விற்றபோது, அமெரிக்காவில் ஃபுல்லர்டனில் இருந்த தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் புதிய தொழிற்சாலை வரும்வரை பெரும்பாலும் ஜப்பான் சரக்கை வைத்துத்தான் அந்த அமெரிக்கக் கம்பெனியே பிழைத்தது. இன்று அதே எண்பதுகளின் ஜப்பான் கிதார்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். 1987இல் மெக்சிகோவின் என்செனாடாவில் ஃபெண்டர் தொழிற்சாலை திறந்ததையும் முதலில் எத்தனையோ பேர் மட்டமாகத்தான் பேசினார்கள். நாளைக்கு இந்தோனேஷியாவுக்கும் அந்த மரியாதை வரும். வரட்டும், நாகர்கோவில் நண்பரின் பாஸைக் கேட்டபிறகு எனக்கு அதில் மறுப்பே இல்லை. அதை இந்தோனேஷியா என்று சொல்லி, இந்தோனேஷியா விலைக்கு விற்கவேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஆடியோ துண்டுகளுக்கு வருகிறேன். இரண்டையும் இறக்கி அளந்தேன். ஜப்பான் துண்டு 3 டெசிபல் அதிகச் சத்தம். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லதாகத் தோன்றும், கச்சேரியில் மிக்சர் பார்க்கிற சின்னப் பையனுக்கும் இது தெரியும். ஜப்பான் துண்டில் கை நகரும்போது கம்பி கீச்சென்று உரசுவது தெளிவாகக் கேட்கிறது, அதாவது புதிய ஸ்ட்ரிங். மற்றதில் அந்தச் சுவடே இல்லை. உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் இதைப் போனில் கேட்பார்கள்? பாஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, மேல் சுரங்களை வைத்து நம் காதுதான் ஊகித்துக்கொள்கிறது. அப்படிக் கேட்டால் புதிய கம்பி போட்டது எந்த நாடாக இருந்தாலும் அதுதான் ஜெயிக்கும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜி கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டில் சத்தம் சட்டென்று அமுங்குகிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை விட்டுவிடுங்கள். சர்ச் பாஸிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அமுங்குகிறது, மெக்சிகோவிலும் கொஞ்சம் உண்டு. இந்த வகை நெக்கின் சுபாவம் அது, யார் செய்தாலும் வரும்.

இனி என்ன செய்யவேண்டும் என்றால், 78,500 ரூபாயையும் ஸ்ட்ரிங்குக்கு ஆன செலவையும் திருப்பித் தாருங்கள், பாஸை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். "வித்தியாசத் தொகைக்கு கூப்பன் தருகிறோம்" என்ற பேச்சு வேண்டாம். அந்த ஆடியோ ஒப்பீட்டை எடுத்துவிடுங்கள், அல்லது ஒரே ஸ்ட்ரிங், ஒரே சத்த அளவில் திரும்பப் பதிவு செய்து போடுங்கள். கிடங்கில் இன்னும் எத்தனை பாஸில் அதே இடத்தில் பார்கோடு ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

ஆன்லைன் விற்பனைக்கான 2020 நுகர்வோர் விதிகளில் தயாரிப்பு நாட்டைச் சொல்லவேண்டும் என்றும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. என் முதல் கடிதத்துக்கு அந்த ஒரு மாதம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அதிலும் நடக்கவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

பெட்டி, உள்ளே இருந்த ஃபோம், எண்ணெய் பட்ட அந்த ஸ்டிக்கர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. கூரியர்காரரை சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள். ஞாயிறு காலையில் வீட்டில் யாரும் இருக்கமாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
பாளையங்கோட்டை