பத்து தடவை எழுதச் சொல்லாதீர்கள்: கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாம்பனிலிருந்து தொண்டி வரை கடலோரப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மண்டபம் பக்கத்தில் மீனவர் குடியிருப்பு ஒன்றில் சாயங்கால வகுப்பு எடுத்து வருகிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் பிள்ளைகள் வாங்கிவரும் ஏச்சு, "போன வருஷம் நடத்தினதெல்லாம் எங்கே போச்சு?" என்பதுதான். கூடவே, மறந்த பாடத்தைப் பத்து தடவை எழுதிவர வேண்டும்.

அந்த நோட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை வரி வரியாக எழுதுவதில்லை. 'தாவரங்கள்' என்று மேலிருந்து கீழே பத்து முறை எழுதுகிறாள். அப்புறம் பக்கத்திலேயே அடுத்த சொல், அதுவும் பத்து. சீக்கிரம் முடிந்துவிடுகிறது. நோட்டை மூடிவிட்டு என்ன எழுதினாய் என்று கேட்டால் விழிக்கிறாள்.

மறதி அவள் குற்றமல்ல. ஜெர்மனியின் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் நழுவியது. பிறகு வேகம் குறைந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்து அதையே மறுபடி படித்தபோதும், முதலில் பிடித்த நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. ஜூனில் உங்கள் முன் உட்காரும் பிள்ளையும் வெறும் ஆளாக வரவில்லை.

2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். பாடத்தைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவிருந்தது. படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரிப் படிப்பு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான்.

இதே பிள்ளைகளிடம் இன்று என்ன காற்று என்று கேளுங்கள். வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா என்று சட்டென்று சொல்வார்கள். வீட்டில் அப்பாவும் தாத்தாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துகிறார்கள்.

பாடத்தை முடிக்க உங்களுக்கு இருக்கும் நெருக்கடி தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். புத்தகத்தை மூடச் சொல்லி நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று கேளுங்கள். மார்க் வேண்டாம், அடி வேண்டவே வேண்டாம். பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் வாயில் வராது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பெரும்பாலும் அதுதான் பள்ளி விடுமுறையும். அப்பாக்கள் வீட்டில் இருக்கும் காலம். பாடத்துக்குப் பத்துக் கேள்வி எழுதிக் கொடுங்கள், விடை வேண்டாம். வீடுகளில் அதைக் கேட்க வைக்கும் வேலையை என்னைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். மார்ச்சிலேயே கொடுத்தால் நகல் எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருத்தி,
மண்டபம் வட்டாரம்