பருப்பு டப்பாவுக்கு அடியில் இருந்த பணம்

கரூர்
ஞாயிறு காலை

அம்மிணி,

முந்தாநாள் போனில் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "செலவுக்குன்னு 400 யூரோ கொடுத்தேன். அதில் 230 யூரோவைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வெச்சுட்டுப் போயிருக்கீங்க. அம்மாவைப் பட்டினி போட்டுத்தான் ரோம் சுத்திக் காட்டினீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அழுதாய். பக்கத்தில் உன் குட்டிப்பயல் சிணுங்குவதும் கேட்டது. "சரி சாமி, அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டேன். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. எதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்ததாகவும் நினைக்கவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ பார்த்து வைத்த ஓட்டலை வேண்டாம் என்று சொல்லி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் ரூம் போடச் சொன்னேனே, அதுதான் நான் செய்த முதல் நல்ல காரியம். சுத்தமான இரண்டு கட்டில், சுவரில் ஒரு சிலுவை, காலையில் ரொட்டியும் காபியும். இரவு 11 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். நமக்கு ஒன்பது மணிக்கே கண் சொருகிவிடும். அங்கே ஒரு மலையாளத்துச் சிஸ்டர் இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் தமிழும் மலையாளமும் கலந்து பேச ஆரம்பித்தவர், மூன்று நாளும் அம்மாவைத் தன் சொந்தக்காரி மாதிரி வைத்துக்கொண்டார். பக்கத்தில் எஸ்குவிலினோ மார்க்கெட் இருக்கிறது என்று வழி சொன்னதும் அவர்தான். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் குவிந்து கிடக்கிற மார்க்கெட் அது. அம்மா கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றரைக் கிலோ திராட்சையும் ஆரஞ்சும் வாங்கினாள். பகலெல்லாம் அதைத்தான் சாப்பிட்டோம்.

தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. இதை நீ நம்பமாட்டாய். தெருவுக்குத் தெரு இடுப்பு உயரத்துக்கு ஒரு வார்ப்பிரும்புக் குழாய் நிற்கிறது. வளைந்த மூக்கு மாதிரி அதன் வாய். அதனால் அதற்கு 'நசோனே', பெரிய மூக்கு, என்று பெயர். 1874-ல் வைக்க ஆரம்பித்தார்களாம். இப்போது ஊர் முழுக்க 2,500 வாக்கில் இருக்கின்றன. திருகு கிடையாது. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவு குளிர்ச்சி. மூக்கை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், வாய் வைத்துக் குடித்துக்கொள்ளலாம். ஒரு சின்னப்பையன் செய்து காட்டினான். அம்மாவும் செய்தாள், புடவை நனைந்தது, சிரித்தாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவள். உனக்கு நினைவிருக்கும். அந்தக் குழாயடியில் பத்து நிமிஷம் நின்று தண்ணீர் ஓடுவதையே பார்த்தாள். பாட்டில் தண்ணீர் விற்கிற வண்டி நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தது.

பஸ்ஸைப் பற்றி நான் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். விமான நிலையத்திலிருந்து டெர்மினி என்ற பெரிய ரயில் நிலையத்துக்கு நேராகப் போகும் ரயிலுக்கு ஆளுக்கு 14 யூரோ. பஸ்ஸுக்கு அதில் பாதிதான். ஊருக்குள் ஒரு டிக்கெட் 1.50 யூரோ. அதை வைத்து 100 நிமிஷத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம், மெட்ரோவில் மட்டும் ஒரு தடவை. கண்டக்டர் கிடையாது. ஏறினதும் நாமே டிக்கெட்டை மெஷினில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். டிக்கெட் வாங்கியும் குத்தாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைச் செக்கிங் பிடித்தது. ஐம்பது யூரோவுக்கு மேல் அபராதம். பாவம், வெளியூர்க்காரர், விஷயம் தெரியாது. முப்பத்தோரு வருஷம் தோளில் பை மாட்டினவன் நான், செக்கிங் ஆள் படியில் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். 64-ம் நம்பர் பஸ்ஸில் பிக்பாக்கெட் ஜாஸ்தி என்று சிஸ்டர் எச்சரித்தார். நெரிசலில் இடிக்கிறவனையும் இடிக்கிற மாதிரி நடிக்கிறவனையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும். அம்மாவை ஜன்னல் பக்கம் நிறுத்தி, பையை முன்னால் போட்டு, நான் மறைத்து நின்றுகொண்டேன்.

மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசாங்க மியூசியங்களுக்கு அங்கே டிக்கெட் இல்லை. அதனால்தான் தேதியை ஒரு வாரம் தள்ளச் சொல்லி உன்னைப் படுத்தினேன். கொலோசியத்துக்கு ஆளுக்கு 18 யூரோ, அன்றைக்கு ஒன்றுமில்லை. ஆனால் முன்கூட்டியே பதிவு செய்ய முடியாது, அங்கேயே வரிசையில் நிற்க வேண்டும். ஏழு மணிக்கே போய் நின்றோம். உள்ளே போய் அந்தக் கல்லடுக்குகளைப் பார்த்தபோது பிரமிப்புதான். ஆனாலும் மிருகங்களையும் மனுஷர்களையும் சாகவிட்டு வேடிக்கை பார்த்த இடம் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான்.

என்னை உலுக்கினது அதற்குப் பக்கத்தில் இருந்த ஃபோரம், பழைய ரோமர்களின் பொதுச் சதுக்கம். அங்கே மாக்சென்டியஸ் மன்னன் பெயரால் ஒரு மண்டபம் இடிந்து நிற்கிறது. மூன்று பெரிய வளைவுகள் மட்டும் மிச்சம். அந்த மண்டபத்துக்கு அடியில், அதற்கும் முன்னால், டொமிஷியன் என்ற பேரரசன் காலத்தில் என்ன இருந்தது தெரியுமா? மிளகுக் கிடங்கு. போவதற்கு முன்னால் நம்மூர் நூலகத்தில் படித்து வைத்திருந்தேன், நேரில் நின்றபோதுதான் மயிர்க்கூச்செறிந்தது. நம் சேர நாட்டு மிளகு, அம்மிணி. முசிறியில் கப்பலேறி, அரபிக்கடலும் செங்கடலும் தாண்டி, எகிப்து வழியாக அந்தக் கிடங்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறதே, அந்த மிளகு இறங்கின இடம். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சுகிறது என்று அந்த ஊர்ப் பழைய எழுத்தாளர் பிளினி குறைபட்டு எழுதியிருக்கிறார். அந்தக் காசு எங்கே போனது என்று நம் அமராவதி ஆற்று மணலைக் கேட்டால் தெரியும். நான் சின்னவனாக இருந்தபோது, வெள்ளம் வடிந்ததும் ஆற்றில் மணலைச் சலித்துப் பழங்காசு தேடுகிறவர்களை வேடிக்கை பார்க்கப் போவேன். தலை பொறித்த ரோமானியக் காசுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. அந்தத் தலைகள் வாழ்ந்த ஊரில் நின்றுகொண்டு நான் அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "அப்போ இவங்களுக்கு நாம ஒண்ணும் புதுசு இல்லை" என்றாள். எந்தக் கைடுக்கு 60 யூரோ கொடுத்திருந்தாலும் இந்தச் சந்தோஷம் கிடைத்திருக்காது.

காசு கொடுத்துப் பார்த்தது சனிக்கிழமை பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயில் ஒன்றைத்தான், ஆளுக்கு 5 யூரோ. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இலவசம்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கப் போனோம். உள்ளே போனால் உள்ளேயும் மழை! கும்மட்டத்தின் உச்சியில் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள். தூறல் அதன் வழியாக நூல் நூலாக இறங்குகிறது. தரையில் சின்னச் சின்ன ஓட்டைகள், தண்ணீர் வடிந்துவிடுகிறது. 43 மீட்டர் கும்மட்டம், உள்ளே கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். கீழே கனமான கல், மேலே போகப் போக லேசான நுரைக்கல் கலந்திருக்கிறார்கள். 1,900 வருஷமாக நிற்கிறது.

அங்கிருந்து மூன்று நிமிஷ நடையில் சான் லூயிஜி என்று ஒரு சர்ச். டிக்கெட் இல்லை. இடது பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜோ என்ற ஓவியர் 1600-ஐ ஒட்டி வரைந்த மூன்று படங்கள், ஏசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி. ஒரே இருட்டு. ஒரு பெட்டியில் ஒரு யூரோ போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். பத்துப் பேர் இருட்டில் நின்றுகொண்டு, யாராவது போடட்டும் என்று காத்திருந்தார்கள். நான் போட்டேன்.

ஒரு படத்தில், வரி வசூலிக்கிற ஆயத்துறையில் மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜையில் காசு. வலது ஓரத்தில், பாதி நிழலில், ஏசு கை நீட்டிக் கூப்பிடுகிறார். அவர் பக்கத்திலிருந்து சுவரில் சாய்வாக ஒரு வெளிச்சம் விழுகிறது. தாடிக்காரர் ஒருவர் "என்னையா?" என்று கேட்கிற மாதிரி விரல் காட்டுகிறார். ஆனால் இடது கோடியில் ஒரு பையன் இருக்கிறான், அம்மிணி. அவன் நிமிரவே இல்லை. தலையைக் கவிழ்ந்து காசை எண்ணிக்கொண்டே இருக்கிறான். அந்தக் குனிந்த கழுத்தை எனக்குத் தெரியும். கடைசி டிரிப் முடிந்து டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து கலெக்ஷனை எண்ணும்போது, பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நிமிர மாட்டேன். எண்ணிக்கை விட்டுப்போனால் கைக்காசு போட வேண்டும். நானூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் அதைக் கவனித்து வரைந்திருக்கிறான். விளக்கு அணைந்தது. இன்னொரு காசு போட்டேன். மூன்று தடவை போட்டேன். கூட நின்றவர்களில் ஒரு அம்மாள் என் கையைத் தொட்டு என்னவோ சொன்னார், நன்றிதான் என்று நினைக்கிறேன். நான்காவது காசை அவர் போட்டார்.

சாப்பாட்டைக் கேட்டாயே. அங்கே பீட்சாவைத் துண்டாக வெட்டித் தராசில் நிறுத்துத் தருகிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று கையால் அளவு காட்டினால் போதும். ஐந்தாறு யூரோவில் இருவருக்கும் வயிறு நிறைந்தது. காபியைக் கவுன்டரில் நின்றே குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் பல இடங்களில் கூடுதல் விலை. நின்றுதான் குடித்தோம், அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் குடிக்கிறார்கள். ஒரு ராத்திரி மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம், 31 யூரோ. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த நேரம் அது. ஸ்பானியப் படிக்கட்டில் கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தால், போலீஸ்காரர் விசில் ஊதி எழுப்பிவிட்டார். அங்கே உட்கார 2019-லிருந்து தடையாம். அன்றைக்குக் கணக்குப் பார்க்கவில்லை.

ட்ரெவி நீரூற்றுக்கு ராத்திரியில் போனோம். 2,000 வருஷத்துக்கு முன்னால் அக்ரிப்பா வெட்டின வாய்க்கால்தான் இன்றும் அதற்குத் தண்ணீர் கொடுக்கிறது. முதுகைக் காட்டி நின்று காசு போட்டால் மறுபடியும் ரோமுக்கு வரலாம் என்பது ஐதீகம். போடுகிற காசு ஏழைகளுக்குப் போகிறது என்று சிஸ்டர் சொன்னார். அம்மா என்னிடம் கேட்காமல் தன் பர்ஸிலிருந்து இரண்டு யூரோ எடுத்துப் போட்டாள்.

இப்போது அந்த ஒன்று.

திங்கட்கிழமை காலை புனித பேதுரு பேராலயத்துக்குப் போனோம். அதற்கும் டிக்கெட் கிடையாது, சோதனை வரிசை மட்டும்தான். மைக்கேலேஞ்சலோ இருபத்து நான்கு வயசில் செதுக்கி முடித்த மாதா சிலையைப் பார்த்தோம், செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். 1972-ல் ஒருவன் சுத்தியால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அம்மா ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து வத்திக்கான் மதிலோரம் நடந்தபோது, "இதுக்குள்ளதானே அந்த மச்சில் படம் வரைஞ்ச கோயில்?" என்று கேட்டாள். ஆமாம், சிஸ்டைன் சிற்றாலயம். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே இலவசம், எங்கள் தேதிக்கு ஒத்துவரவில்லை. ஆளுக்கு 20 யூரோ. நான் பர்ஸைத் திறந்து, 40 யூரோவை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது அம்மா பத்தடி முன்னால் போயிருந்தாள். "கால் வலிக்குது, வேண்டாம். பிளேனுக்கு நேரமாச்சு" என்றாள். பிளேன் ராத்திரி எட்டு மணிக்கு.

அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நீ அழுததில் அந்த 40 யூரோவுக்கு மட்டும் நியாயம் இருக்கிறது.

அந்த 230 யூரோவை எனக்குத் திருப்பி அனுப்பாதே, கோபத்தில் வேறு எதற்கும் செலவழித்தும் விடாதே. டப்பாவுக்கு அடியிலேயே இருக்கட்டும். குட்டிப்பயலுக்கு ஒரு வயசு ஆகும்போது அம்மாவும் நானும் மறுபடியும் உன் வீட்டுக்கு வருவோம். இரண்டு நாள் லீவு போட்டு நீயே அம்மாவை ரோமுக்குக் கூட்டிப்போ. முன்கூட்டியே பதிவு செய்துவிடு, வரிசையில் நிற்கவிடாதே. உள்ளே போனதும் அண்ணாந்து பார்க்கக் கழுத்து வலிக்கும், சுவரோரம் பெஞ்சு இருக்கும், அங்கே உட்கார வை. பையனை நான் பார்த்துக்கொள்கிறேன். புட்டிப்பால் கலக்க வீடியோவில் கற்றுக்கொடு.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாதே.

அப்பா