லேபிளில் இருந்த அந்தச் சொல்

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள மலர்,

அனுப்பின பேன்ட்டில் '12 பெட்டீட்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் என்ன அவ்வளவு ஒல்லியா?" என்று கேட்டிருக்கிறாய். இங்கே துணிக்கடையில் அந்தச் சொல் உயரத்தை மட்டும்தான் சொல்லும். சுமார் 5 அடி 3 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள பெண்களுக்கு என்று அர்த்தம். குண்டானவர்களுக்கும் பெட்டீட் உண்டு. ஆனால் பேச்சில் ஒருத்தியை 'பெட்டீட்' என்றால் குள்ளம், அதோடு சிறுகூடு உடம்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த இரண்டும் குழம்பித்தான் பலர் தப்பான அளவை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

சொல் பிரெஞ்சு. அங்கே சின்னப் பையன் 'பெத்தி', சின்னப் பெண் 'பெத்தித்'. மேஜை பெண்பால் என்பதால் சின்ன மேஜையும் 'பெத்தித்'தான். நமக்குப் பையனோ பெண்ணோ மேஜையோ, எல்லாம் 'சின்ன'; பால் தெரிய வேண்டுமானால் சின்னவன், சின்னவள் என்று பெயராக்க வேண்டும். ஆங்கிலப் பெயரடையும் நம்முடையது மாதிரி மாறாது. ஆனாலும் இந்தச் சொல்லின் ஆண் வடிவமும் பெண் வடிவமும் தனித்தனியாக ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தன.

ஆண் வடிவம் 14ஆம் நூற்றாண்டிலேயே போய், 'பெட்டி' ஆகி, பிறகு 'அற்பமான' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. நம் ஊர் ஸ்டேஷனில் போடும் பெட்டி கேஸ், ஆபீஸ் பெட்டி கேஷ் எல்லாம் அதுதான். (பெட்டிக்கடை மட்டும் நம் மரப்பெட்டி!) பெட்டிக்கோட்டும் அந்த வழிதான்: 'சின்னக் கோட்டு'. முதலில் ஆண்கள் மேல்சட்டைக்கு உள்ளே போட்டது என்றால் நம்புவாயா? பெண் வடிவம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பெண்களை வருணிக்க வந்தது. இறங்காமல் பாராட்டாகவே நின்றுவிட்டது. குள்ளமான ஆணை யாரும் பெட்டீட் என்பதில்லை. அவர் பேன்ட்டில் வெறும் 'ஷார்ட்' என்றுதான் இருக்கும். எனக்கு இது ஓரவஞ்சனையாகத்தான் படுகிறது.

'பெட்டீட்' துணி அளவானது அமெரிக்காவில், 1940-களில், ஹன்னா ட்ராய் என்ற ஆடை வடிவமைப்பாளரால்.

12 பெட்டீட்டில் இடுப்புச் சுற்றளவு சாதாரண 12 போலத்தான். குறைவது நீளங்கள்: இடுப்புப்பட்டியிலிருந்து கவட்டை வரை, கவட்டையிலிருந்து முட்டி வரை, அதன் கீழே. மேல்சட்டையில் தோள், கை, தோளிலிருந்து இடுப்பு வரை. சாதாரண பேன்ட்டை வாங்கி அடியில் மடித்துத் தைத்தால் போதாதா என்பாய். நீளம் சரியாகும், ஆனால் முட்டிக்காக வளைத்து வெட்டின இடம் கெண்டைக்காலில் வந்து நிற்கும், பின்பக்கம் தொளதொளவென்று தொங்கும். அந்த இரண்டையும் எந்த டெய்லராலும் அடிமடிப்பில் சரிசெய்ய முடியாது.

அடுத்த தடவைக்கு, செருப்பில்லாமல் சுவரோடு நின்று உயரம் எடு. உனக்குப் பொருந்தின பழைய பேன்ட்டைத் தரையில் விரித்து, கவட்டைத் தையலிலிருந்து கால் விளிம்பு வரை உள்பக்கமாக அள. 28 அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்தால் பெட்டீட்டே எடுக்கலாம். 30-க்கு மேல் போனால் சொல், சாதாரணமே வாங்குகிறேன்.

அம்மாவின் ஜாக்கெட் அளவையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அக்கா