ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள் எதைப் பார்க்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து அலுவலகங்கள் பலவற்றில் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவியதோடு கணினிப் பாதுகாப்பு முடிந்துவிட்டதாகக் கருதப்படுவதால் இதனை எழுதுகிறேன்.

1998இல் மார்ட்டின் ரோஷ் உருவாக்கிய ஸ்னோர்ட் போன்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருள்கள், வலையமைப்பினூடாகச் சிறு துண்டுகளாகச் செல்லும் தரவுப் பொதிகளை ஏற்கெனவே அறியப்பட்ட தாக்குதல்களின் அடையாளங்களோடு ஒப்பிடுகின்றன. புதிய தாக்குதலுக்கு அடையாளம் இராது. எனவே, கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டொரத்தி டெனிங் 1987இல் விளக்கியவாறு, வழமையான நடத்தையை முதலில் பதிந்துகொண்டு, அதிலிருந்து விலகுவதைச் சந்தேகிக்கும் முறையும் பயன்படுகிறது.

இந்த இரண்டாவது முறை ஆளை அலைக்கழிக்கும். திருநெல்வேலியில் நான் பராமரிக்கும் அலுவலகமொன்றில், கணக்குப் பிரிவுக் கணினி பெருமளவு தரவை வெளியே அனுப்புவதாக நள்ளிரவில் எச்சரிக்கை வர, மழையில் நனைந்தபடி போய்ப் பார்த்தால், பகல் மின்தடையால் தள்ளிப்போன காப்புப்பிரதி வேலைதான் அது! ஆனால், வரவேற்பறைக் கணினி ஒரே நிமிடத்தில் மற்றெல்லாக் கணினிகளின் 445ஆம் இலக்கப் போர்ட்டையும் (விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் வாயில்) தட்டிப் பார்த்ததை அதே மென்பொருளே காட்டிக்கொடுத்தது. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை என்னும் தீநிரல் பரவியதும் அவ்வழியாகவே.

இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி இன்று மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால் பொதியின் உள்ளடக்கம் இம்மென்பொருளுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. எந்த முகவரிக்கு, எந்நேரத்தில், எவ்வளவு தரவு சென்றது என்பது மட்டும் தெரியும். அந்தப் பதிவேட்டை நாள்தோறும் வாசிக்க ஒருவரை நியமித்த அலுவலகத்தை நான் இங்கு இன்னும் காணவில்லை.

வலையமைப்புப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.