ஸ்கார்பெட்டா நாவல்கள்: குறை நடையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் பட்ரீஷியா கார்ன்வெல், பிரேதப் பரிசோதனை செய்யும் பெண் மருத்துவரான கே ஸ்கார்பெட்டாவை நாயகியாக வைத்து எழுதிவரும் குற்ற நாவல் வரிசை குறித்துத் தங்கள் நாளிதழின் புத்தகப் பக்கத்தில் வெளியான வாசகர் கருத்துகளைப் படித்தேன். தொடக்க கால நாவல்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்று ஒரு சாராரும், குறைகள் தெரிந்தாலும் அடுத்த நாவல் வந்தால் வாங்காமல் இருக்க முடியவில்லை என்று மற்றொரு சாராரும் எழுதியிருந்தனர். நடை தளர்ந்துவிட்டது என்பதை இரு தரப்பினருமே ஒப்புக்கொள்கின்றனர். இந்த வரிசையின் சறுக்கலுக்கு அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து.

1990இல் வரிசையின் முதல் நாவலான 'போஸ்ட்மார்ட்டம்' வெளிவருவதற்கு முன்பே கார்ன்வெல் ரிச்மண்ட் நகரில் வர்ஜீனியா மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் பணியாற்றியிருந்தார். 1987இல் அந்த நகரை நடுங்கவைத்த தொடர் கொலைகளின் நிழல் அந்நாவலில் படிந்திருக்கிறது. அக்கொலைகளைச் செய்தவனுக்கு 1994இல் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைதான், டிஎன்ஏ சான்றை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவில் நிறைவேற்றப்பட்ட முதல் தண்டனை என்பதை நினைவில் கொண்டால், டிஎன்ஏ என்ற சொல்லே பொதுமக்களுக்குப் பழகியிராத காலத்தில் அந்நாவல் எவ்வளவு புதிதாகத் தோன்றியிருக்கும் என்பது விளங்கும். லேசர் ஒளியில் மட்டும் மினுங்கும் துகள்கள் சடலங்களின் மேல் காணப்படுகின்றன. அவை எங்கிருந்து வந்தன என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நம்மைக் கட்டிப்போடுகிறார் ஆசிரியர். 1994இல் வந்த 'தி பாடி ஃபார்ம்' நாவலில், ஒரு சிறுமியின் உடலில் பதிந்திருக்கும் சிறு தடம் எதனால் ஏற்பட்டது என்று அறிவதற்காக, டென்னசியில் சடலங்கள் சிதைவதை ஆராயும் நிலையத்தில் தனியாக ஒரு சோதனையே நடத்தப்படுகிறது. நம் மர்ம நாவல்களில் 'பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது, சார்' என்ற ஒற்றை வரியில் முடிந்துபோகும் வேலை, இங்கே கதையின் முதுகெலும்பாக நிற்கிறது.

மருத்துவர் ஒருவர் கொலை நடந்த இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருப்பது நம்பும்படி இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நம் நாட்டில் காவல்துறை விசாரணை நடத்திச் சடலத்தை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறது. மருத்துவரின் வேலை பெரும்பாலும் பிணவறைக்குள் முடிந்துவிடுகிறது. வர்ஜீனியாவிலோ சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரமே மருத்துவப் பரிசோதகரிடம் இருக்கிறது. ஆகவே ஸ்கார்பெட்டா சம்பவ இடத்தில் நிற்பது இயல்பு. அவர் துப்பாக்கியோடு கொலைகாரனை எதிர்கொள்வதுதான் கற்பனை. அதற்கு வேண்டுமானால் அந்த வாசகர் கோபித்துக்கொள்ளலாம்.

இனி என் குறைக்கு வருகிறேன். வாசகர்கள் ஏற்கெனவே தங்கள் பக்கத்தில் போட்டுடைத்துவிட்டதால் மறைப்பதில் பயனில்லை. 1998இல் வந்த 'பாயிண்ட் ஆஃப் ஆரிஜின்' நாவலில் ஸ்கார்பெட்டாவின் காதலர் பென்டன் வெஸ்லி கொல்லப்படுகிறார். தீயில் கருகிய உடல் அவருடையது என்று ஏற்கப்படுகிறது. அடுத்த இரண்டு நாவல்களிலும் அந்தத் துக்கத்தை நாமும் ஸ்கார்பெட்டாவுடன் சேர்ந்து சுமக்கிறோம். 2003இல் வந்த 'ப்ளோ ஃப்ளை' நாவலிலோ வெஸ்லி உயிரோடு திரும்பி வருகிறார். காதல் கதையிலோ உளவுக் கதையிலோ இப்படி நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சடலம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட வரிசையில், அதுவும் இறந்தவரின் உடலைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்ணின் வாழ்க்கையிலேயே இப்படிச் செய்தால், அதற்குப் பின் வரும் எந்தப் பிரேதப் பரிசோதனையை வாசகர் முழு மனத்தோடு நம்புவார்? ஸ்கார்பெட்டாவே 'நான்' என்று கதை சொல்லும் தன்மைக் கூற்றும் அதே நாவலில் கைவிடப்பட்டது. 2010இல் அது திரும்பி வந்தது. போன நம்பிக்கை அவ்வளவு எளிதில் திரும்பவில்லை.

ஸ்கார்பெட்டாவுடன் நெடுங்காலம் பணியாற்றிய முன்னாள் காவல் அதிகாரி மரினோ குடிபோதையில் ஸ்கார்பெட்டாவைத் தாக்கும் காட்சிக்காக 2007இல் வந்த 'புக் ஆஃப் த டெட்' நாவலைச் சிலர் மன்னிக்க மறுத்திருந்தனர். அக்காட்சி எனக்கும் கசந்தது. ஆனால் பல ஆண்டுகளாக அடக்கிவைத்த பொறாமை அசிங்கமாக வெடிப்பது மரினோவின் குணத்திற்கு மாறானது அல்ல. பாத்திரங்களுக்கு வயதே ஏறுவதில்லை என்பதும், ஸ்கார்பெட்டாவின் சகோதரி மகள் லூசிக்குத் தெரியாத கலையே இல்லை என்பதும் நீண்ட தொடர்களில் வழக்கமாக வரும் சங்கடங்கள், அவற்றை விட்டுவிடலாம்.

ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் வந்த 'ஆட்டாப்ஸி' நாவலில், விண்வெளி ஆய்வகத்தில் இறந்துகிடப்பவர்களை ஸ்கார்பெட்டா பூமியிலிருந்தபடியே பரிசோதிக்க வழிகாட்டும் பகுதியைச் சிலர் கேலி செய்திருந்தனர். அது மிகைதான். ஆயினும் அங்கே சடலத்தைத்தான் கேள்வி கேட்கிறார்கள். பதிலும் சடலத்திலிருந்தே வருகிறது. 'ப்ளோ ஃப்ளை' நாவலைவிட இதை மேலானதாக நான் கருதுவதற்குக் காரணம் அதுவே. புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் முதல் ஒன்பது நாவல்களையும் வெளிவந்த வரிசையிலேயே படித்துவிட்டு, அதன்பின் தங்கள் பொறுமைக்கேற்ப முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.