பொதுவாகச் சொல்கிறேன், மக்ளே

மயிலாடி
நவம்பர், வெள்ளிக்கிழமை

மக்ளே,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மழை விட்டபாடில்லை. தேங்காய் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. மார்த்தாண்டம் அத்தையின் மருமகளுக்குப் பெண் குழந்தை. மற்றதெல்லாம் அம்மை போனில் சொல்லியிருப்பாள்.

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், நான் ஒரு வரி அடித்து அழித்து மறுபடி அடிப்பதெல்லாம் உனக்கு அங்கே தெரிகிறது. பேப்பரில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பக்கத்து வீட்டுப் பையன் கையில் கொடுக்கமாட்டேன்.

நீ ஜெர்மனிக்குப் புறப்படுவதற்கு முன்னால் என் போனில் டுவோலிங்கோ என்று மொழி படிக்கிற ஆப் ஏற்றித் தந்தாயே, நான் அதை இன்னும் விடவில்லை. காலையில் கட்டன் சாயா குடித்ததும் ஒரு பாடம். கேள்வி இங்கிலீஷில், பதில் ஜெர்மனில். பென்ஷன் வாங்குகிற வயதில் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறேன். அம்மைக்குத்தான் அதில் வருகிற பச்சை ஆந்தையைக் கண்டால் ஆகாது. வீட்டுக்குள் ஆந்தையைக் கொண்டு வைத்திருக்கிறார் மனுஷன் என்று முணுமுணுப்பாள்.

அதில் உன் பெயரைத் தொட்டால், நீ விடாமல் எத்தனை நாள் படித்திருக்கிறாய் என்று தீ எரிகிற படத்தோடு காட்டும். மூன்று இலக்கத்தில் இருந்தது. அதை பஸ் டிப்போ நண்பர்களிடம் காட்டியிருக்கிறேன். கொஞ்ச நாளாக அங்கே பூஜ்யம். நைட் டூட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முன்பும் நைட் டூட்டி இருக்கத்தானே செய்தது என்று அப்புறம் தோன்றியது. சரி, அது ஒரு விளையாட்டு, அணைந்தால் அணையட்டும். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரமும் வீடியோவை அணைத்துவிட்டுத்தான் பேசினாய். நெட் சரியில்லை என்றாய். ஜெர்மனியில் நெட் சரியில்லை, மயிலாடியில் நன்றாக இருக்கிறது. சரி.

நான் சும்மா இருக்கவில்லை மக்ளே. பக்கத்து வீட்டுப் பையன் ஆங்கி என்று இன்னொன்றும் போனில் போட்டுத் தந்தான். ஆண்ட்ராய்டில் காசு கிடையாது. அதில் பாடம் எதுவும் இல்லை, அட்டை மட்டும்தான். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். தெரியவில்லை என்று அழுத்தினால் அந்த அட்டை அன்றைக்கே திரும்ப வரும். தெரிந்தது என்றால் சில நாள் கழித்து, மறுபடி தெரிந்தால் வாரங்கள் கழித்து, அப்புறம் மாதங்கள் கழித்து. மறக்கப்போகிற சமயம் பார்த்து வந்து நிற்பதுதான் அதன் சூட்சுமமாம். இதற்கு அடிப்படை போட்டதும் ஒரு ஜெர்மன்காரர்தான், எபிங்ஹாஸ் என்று பெயர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885ல் புத்தகம் போட்டிருக்கிறார். மனுஷன் மறப்பது குறையல்ல, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி. இதையும் பொதுவாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் அந்தப் பையன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். கோத்தே பி2 என்கிற ஜெர்மன் பரீட்சையில் வாசிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. ஒவ்வொன்றுக்கும் நூறு மார்க், அறுபது வாங்கினால் அந்தப் பகுதி பாஸ். ஒன்றில் போனால் நாலையும் முதலிலிருந்து எழுத வேண்டாமாம், போனதை மட்டும் எழுதினால் போதுமாம். எனக்கு எதற்கு இதெல்லாம், நான் என்ன பரீட்சையா எழுதப்போகிறேன். கேள்விப்பட்டதை எழுதினேன்.

செப்டம்பர் என்று நீ சொன்ன ஞாபகம். நான் கேட்கவில்லை.

உனக்குப் படிப்பு வராது என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் விடியுமுன் பஸ் ஏறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, கிளாஸ் முடிந்து இருட்டிய பிறகு வீடு வந்து, பி2வுக்கு முந்தின படியான பி1 எழுதியவள் நீ. அது எனக்குத் தெரியும், அந்த டிரைவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு குறை உன்னிடம் உண்டு, முகத்துக்கு நேரே சொல்கிறேன். தப்பாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வாய். பத்தாம் வகுப்பிலும் இதுதான், நர்ஸிங் வைவாவிலும் இதுதான். ஆப்பில் வார்த்தைக் கட்டங்களைத் தொட்டு வரிசையில் வைப்பதும், எதிரில் ஒருவர் கேட்கும்போது வாயிலிருந்து எடுப்பதும் ஒன்றல்ல. போன் எவ்வளவு நேரமும் காத்திருக்கும், படுக்கையில் இருக்கிற நோயாளி காத்திருக்கமாட்டார். அதனால் வாயைத் திறந்து பேசு மக்ளே. தப்பாகப் பேசு, ஆனால் பேசு.

போன உடனே ஒரு தடவை சொன்னாய்: ஆப்பில் கேட்கிற ஜெர்மன் புரிகிறது, ஸ்டுட்கார்ட் கிழவிகள் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்று. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் அதை மறக்கவில்லை. அந்தப் பக்கத்து வயசானவர்கள் ஷ்வேபிஷ் பேசுவார்களாம், அது புத்தக ஜெர்மனிலிருந்து ரொம்ப விலகினதாம். விளவங்கோடு பக்கம் நம் ஆட்கள் பேசுவதைச் சென்னைக்காரன் கேட்டால் தமிழா மலையாளமா என்று முழிப்பான். அதற்காக அவனுக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிடுமா? உனக்கு ஜெர்மன் தெரியும். அந்த ஊர்ப் பேச்சுக்குக் காது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் ரூட்டில் கண்டக்டராக என்னைப் போட்டபோது எனக்கும் அப்படித்தான். நம் களியக்காவிளை மலையாளத்தை வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை தாண்டினேன். சில்லறை கேட்டால் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் என்றால், ஏறுகிறவர்கள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லித்தான் டிக்கெட் கிழிப்பேன். அவர்கள் சொன்ன அதே இழுப்போடு. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் என்னை பாறசாலைக்காரன் என்று நினைத்தார்கள். நீயும் அதைச் செய். வலிக்கிறது, தண்ணீர் வேண்டும், திருப்பிப் படுக்க வை, பாத்ரூம் போகணும் - இவற்றை அந்தக் கிழவிகள் எப்படிச் சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள். டூட்டி முடிந்து கூட வேலை செய்கிறவளிடம் சரியான ஜெர்மன் கேட்டு, ஆங்கியில் நீயே அட்டை போடு. அடுத்தவன் போட்ட ஆயிரம் அட்டையை விட உன் வார்டிலிருந்து எடுத்த முப்பது அட்டை மேல். தினமும் பத்து நிமிஷம் போதும். பத்து நிமிஷத்துக்கு நேரமில்லை என்று மட்டும் சொல்லாதே.

நமக்கு ஒரு வசதி உண்டு, கவனித்தாயா? காரணம் சொல்கிற வாக்கியங்களில் அவர்கள் வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டு வைக்கிறார்கள், நம்மைப் போல. இங்கிலீஷ்காரன் அதற்குத் தவிக்கிறான், எனக்கு அது தானாக வருகிறது. மேசை ஆண், கதவு பெண், ஜன்னல் இரண்டும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

போன ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரை நினைத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைக் கேட்கிறோம், அவர் எப்படித் தமிழ் படித்தார் என்று நான் யோசித்ததே இல்லை. பிரஷ்யாவில் பிறந்து, முப்பது தாண்டிய வயதில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்து, 1806ல் இந்த மயிலாடிக்கு வந்தார். 1809ல் கோயில் கட்டினார், 1816ல் போய்விட்டார். தரங்கம்பாடித் தமிழ் படித்தவருக்கு நம் நாஞ்சில் நாட்டுப் பேச்சு முதலில் என்னமாய்க் குழப்பியிருக்கும்! பிரசங்கத்தில் பாதி எனக்கு ஏறவில்லை.

அன்றைக்கு அம்மை ஸ்தோத்திரக் காணிக்கை கவரில் உன் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சபை ஐயர் பெயரை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த கவருக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் மேலத்தெரு ஆட்கள், மகள் பாஸாகிவிட்டாளா என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பேத்தி சர்டிபிகேட்டை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள், நீயும் பார்த்திருப்பாய். அவள் வேறு, நீ வேறு.

நர்ஸ் என்ற அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் சம்பளம்தான் என்று தெரிந்துதான் உன்னை அனுப்பினோம். அது இன்னும் ஆறு மாதம் நீண்டால் இங்கே ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அம்மையின் வளையல் பாங்கில் பத்திரமாக இருக்கிறது, அவளுக்கு எப்படியும் அது இறுக்கம். அந்த நாற்பதாயிரத்தைப் பற்றி மாமா இனி உன்னிடம் பேசமாட்டான், நான் பேசிவிட்டேன். இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். பரீட்சைக்குக் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்கு வைத்துக்கொள். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ஏத்தங்காய் வற்றலும் தேங்காயெண்ணெயும் கட்டி வைத்திருக்கிறது. முகவரி பழையதுதானா, ரூம் மாறிவிட்டாயா என்று சொன்னால் அனுப்பலாம்.

இப்போது நமக்கும் உனக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் என்று பையன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடு, உனக்குப் பதினொன்றரை. அம்மை பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

அப்பா